‘மகிழ்வான பள்ளி’ கேடயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோரி

அனுப்புநர்:
நூலகர்,
மேல்நிலைப் பள்ளி நூலகம்,
முதல் மாடி, ஆய்வுக்கூடத்துக்கு எதிர் அறை.

பெறுநர்:
மாணவர் நல அலுவலர் அவர்கள்,
பள்ளிக் கல்வி அலுவலகம்.

பொருள்: மாணவர் நலக் கருத்தாய்வு – எங்கள் பள்ளிக்கு வழங்கப்பட்ட ‘மகிழ்வான பள்ளி’ கேடயத்தைத் திரும்பப் பெறவும், எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் கோப்பிலிருந்து மன்னிப்புக் கடிதத்தை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
அ) தங்கள் அலுவலகத்தின் முதல் கருத்தாய்வுச் சுற்றறிக்கை.
ஆ) துணைத் தலைமையாசிரியர் எனக்கு வழங்கிய குறிப்பாணை.
இ) இரண்டாம் கருத்தாய்வு முடிவும் தங்கள் பாராட்டுக் கடிதமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளைகளின் வீட்டுக்குக்கூட நினைவூட்டல் கடிதம்தான் அனுப்பியிருக்கிறேன். கேடயம் வாங்கிய பள்ளியிலிருந்தே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனு வருவது தங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். அருள்கூர்ந்து கடைசி வரி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதில் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ‘அந்த மாணவி’ என்றே குறிப்பிடுகிறேன். அவள் பெயரை இன்னொரு தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை.

2. சென்ற ஜூலையில் முதல் கருத்தாய்வுப் படிவங்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தன. பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேரே அழும் முகம் முதல் சிரிக்கும் முகம் வரை ஐந்து முகங்கள், ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும். ஒன்பதாவது கேள்வி மட்டும் வேறு: “பள்ளியில் உனக்குப் பிடிக்காத இடம் எது? ஏன்?” அதற்கு நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். “நூலகத்துல அப்படி என்ன பெரிய வேலை? நீங்களே பாத்துக்கங்க” என்று துணைத் தலைமையாசிரியர் இதை என் தலையில் கட்டினார். வகுப்பு வகுப்பாகப் போய் நானே படிவம் கொடுத்தேன். சுற்றறிக்கையில் இருந்தபடியே சொன்னேன்: “பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. மனசுல இருக்கறதை எழுதுங்க.” பிள்ளைகள் அதை நம்பினார்கள் என்பதுதான் இந்த மனுவுக்கே காரணம்.

3. அறுநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் நான் ஒருத்தியாகவே படித்தேன். நூலக மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, வகுப்புவாரியாகக் கட்டி வைத்து, பதினோரு வேலை நாட்களில் முடித்தேன். முகங்களைக் கூட்டிச் சராசரி போட்டால் எங்கள் பள்ளி நடுத்தரமாகத்தான் வந்தது. ஒன்பதாவது கேள்விதான் என்னை உலுக்கிப் போட்டது. மொத்தம் முந்நூற்று நான்கு மாணவிகள். அவர்களில் நூற்று எழுபத்தொரு பேர் ஒரே இடத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள்: பின்பக்க நடைபாதையில் இருக்கும் மாணவியர் கழிப்பறை. ஏழு கதவுகள், ஒன்றுக்கும் உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வழியாக ஓடுகிறவர்கள் கதவை உதைத்துத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று தொண்ணூற்றாறு பேர் எழுதியிருந்தார்கள். பதினேழு ஆண்டுகளாக நானும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை. எனக்கு இது தெரியாது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4. அந்த மாணவி நான்கு கோடு போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதியிருந்தாள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டார்கள், ஒரு ஆசிரியையிடம் சொன்னேன், “தனியா போகாதே” என்றார், சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போனேன், மருத்துவர் அம்மாவைத் திட்டினார், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லையா என்று, யார் திறந்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, யாரையும் தண்டிக்க வேண்டாம், ஒரு தாப்பாள் போட்டுக் கொடுங்கள், அது போதும். ‘தாழ்ப்பாள்’ என்பதை அவள் ‘தாப்பாள்’ என்றே எழுதியிருந்தாள், நாமெல்லாம் பேசும்போது சொல்வதைப் போல.

5. இந்த விடைகளை நான்கு பக்க இணைப்பாகத் தட்டச்சு செய்தேன். அந்த மாணவி எழுதியதையும், ஒரு எழுத்து மாற்றாமல் வகுப்பைக்கூடக் குறிப்பிடாமல் அதில் சேர்த்தேன். தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் அது தங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒரு மாதமாகப் பதில் இல்லாததால் தொலைபேசியில் விசாரித்தேன். எடுத்த எழுத்தர் சொன்னார்: “மேடம், ஒன்பதாவது கேள்விக்கு சிஸ்டத்துல கட்டமே கிடையாது. நீங்க எதுக்கு அதையெல்லாம் டைப் பண்ணிக்கிட்டு கஷ்டப்படறீங்க?” கட்டம் இல்லாத கேள்வியைப் பிள்ளைகளிடம் ஏன் கேட்டோம் என்று கேட்டேன். “மேலேருந்து வந்த ஃபார்ம் மேடம்” என்றார். அதன்பிறகு நான்கு முறை எழுத்து மூலம் நினைவூட்டினேன். நான்கு முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் திரும்பி வந்தது.

6. செப்டம்பரில் உதவி வந்தது. ஒரு பயிற்சியாளரும் ஒலிபெருக்கியும் வந்து பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, கவலையைப் பலூனில் எழுதி உடைக்கச் சொன்னார்கள். மறுநாள் துப்புரவுப் பணியாளர் அம்மா ரப்பர் துண்டுகளைக் கூட்டி அள்ளியபடி, “கவலை போச்சோ இல்லையோ, எனக்கு ரெண்டு கூடை வேலை வந்துச்சு” என்றார். அடுத்ததாகச் சுவரொட்டிகள் வந்தன. யாரோ ஒருவர் என் இணைப்பை மேலோட்டமாகப் பார்த்து, ‘மாணவிகள் தண்ணீர் குடிப்பதில்லை’ என்ற வரியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ‘தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிப்போம், புத்துணர்வோடு இருப்போம்!’ என்று அச்சடித்த வண்ணச் சுவரொட்டி அது. அதைக் கழிப்பறையின் வெளிச்சுவரிலேயே ஒட்டினார்கள். ஐயா, பிள்ளைகள் சொன்னது காதில் விழவே இல்லையென்றால் அது ஒரு வகை. பாதி விழுந்து இப்படி முடிந்ததை என்னவென்று சொல்வது?

7. இனிச் சொல்லப் போவதில் என் குற்றமும் இருக்கிறது. இணைப்பில் இருந்த மருத்துவமனை விவரத்தை அக்டோபரில் தங்கள் அலுவலகத்தில் யாரோ பார்த்துவிட்டு, தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும் நல்ல மனிதர், எதையும் துணைத் தலைமையாசிரியரிடமே விட்டுவிடுவார். துணைத் தலைமையாசிரியர் நூலகத்துக்கு வந்து, எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும் என்று படிவங்களைக் கேட்டார். எல்லாக் கட்டுகளையும் புரட்டிவிட்டு எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக் கட்டை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். கேள்வி கேட்காமல், கையொப்பம்கூட வாங்காமல், என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். கட்டின் மேல் வகுப்பையும் பிரிவையும் எழுதி வைத்தவளும் நான்தான்.

8. மறுநாள் அந்த வகுப்பில் சொல்வதெழுதுதல் நடந்தது. பத்துச் சொற்கள். தண்ணீர், மருத்துவமனை, சிரிப்பு, கதவு, தாழ்ப்பாள் என்று போயிருக்கிறது அந்தப் பட்டியல். முப்பத்து நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் ‘தாப்பாள்’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேரின் கையெழுத்தையும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மதியத்துக்குள் அந்த மாணவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவளையும் பெற்றோரையும் அலுவலக அறைக்கு வரவழைத்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட நானும் அப்போது அங்கே போயிருந்தேன். துணைத் தலைமையாசிரியர் அவளைப் பார்த்து, “ஒரு தாப்பாளுக்காக ஸ்கூல் மானத்தையே வாங்கிட்டியே, உனக்கு என்ன குறை வெச்சோம் இங்க?” என்று கேட்டார். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா, மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர், மகளுக்கு முன்னால் கைகட்டி நின்று, “தெரியாம எழுதிடுச்சு சார், மன்னிச்சிருங்க” என்றார். ‘பள்ளியைப் பற்றிப் பொய்யாக எழுதியதற்கு வருந்துகிறேன்’ என்று அவளிடமே எழுதி வாங்கினார்கள். அந்தக் கடிதம் அவள் கோப்பில் இருக்கிறது. நான் அந்த அறையில் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

9. அவள் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. பாதி இடத்தைத் துணி தேய்க்கும் மேசை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா தேய்ப்பதை நிறுத்தாமலேயே என்னோடு பேசினார். “நீங்கதானே டீச்சர் பேர் எழுத வேண்டாம்னு சொன்னீங்க? வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னா தெரியுமா? அம்மா, இனிமே தாப்பாள் போட்டுருவாங்க, நூலக மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னு.” பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எங்களுக்கு யார் மேலயும் கோபமில்ல. ஆனா இனிமே எம்பிள்ளைகிட்ட எதையும் எழுதச் சொல்லாதீங்க” என்றார். அந்த மாணவி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு வா என்று கூப்பிட்டேன். வந்தாள். அன்று முதல் எந்த ஆசிரியரிடமும் கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

10. அனுமதியின்றித் தாழ்ப்பாள் போட்டதாக எனக்கு வந்த குறிப்பாணைக்கு விளக்கம்: ஆம், தாழ்ப்பாள்களைப் பொருத்தியது நான்தான். நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறாம் வகுப்பில் மகள் படிக்கும் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர், “இதை முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? ஒரு மணி நேர வேலைதானே” என்றார். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் ஏழு கதவுகளுக்கும் போட்டுவிட்டார். திங்கள் முதல் வியாழன் வரை அவை இருந்தன. அந்த நான்கு நாட்களைப் பற்றி என்னிடம் ஒரு புள்ளிவிவரம் உண்டு, தங்கள் கணினியில் அதற்கும் கட்டம் இருக்காது. துப்புரவுப் பணியாளர் அம்மா சொன்னது: “இந்த நாலு நாளும் குடிதண்ணி ட்ரம் மத்தியானத்துக்கே காலியாயிடுச்சு. எப்பவும் சாயங்காலம் பாதி தண்ணிய நான்தான் செடிக்கு ஊத்துவேன்.” வெள்ளிக்கிழமை காலையில் ஏழும் கழற்றப்பட்டிருந்தன. அங்கீகரிக்கப்பட்ட மாதிரி இல்லையாம், அனுமதியும் பெறவில்லையாம். இப்போது அவை அலுவலக அலமாரியில் ஒரு காகித உறைக்குள், ‘சான்றுப் பொருள்’ என்று எழுதிய சீட்டோடு இருக்கின்றன. கதவுகளில் திருகாணி போட்ட ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

11. ஜனவரியில் இரண்டாம் கருத்தாய்வு. இம்முறை நான் தேவைப்படவில்லை. கூட்ட அரங்கில் எல்லாரையும் உட்கார வைத்துத் துணைத் தலைமையாசிரியரே நடத்தினார். படிவத்தின் மேல் மூலையில் வருகைப் பதிவேட்டு எண்ணை எழுதச் சொன்னார்கள், ‘கணக்கிட வசதியாக இருக்கும்’ என்று. முடிவு தங்களுக்குத் தெரியும். எல்லாக் கேள்விக்கும் எல்லாரும் சிரிக்கும் முகம். பிடிக்காத இடம் எது என்ற கேள்விக்கு ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று பக்கம் பக்கமாக. பதிவேற்றும் வேலைக்காகப் படிவங்கள் என்னிடம் வந்தபோது பார்த்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு குழந்தை சிரிக்கும் முகத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தது, ஒன்று போதாமல் போய்விடுமோ என்று பயந்ததைப் போல. பதிவேற்றும்போது குறிப்புப் பகுதியில், ‘பிள்ளைகள் பயந்து எழுதியவை, நம்ப வேண்டாம்’ என்று எழுதினேன். அதை யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை.

12. பிப்ரவரியில் தாங்களே நேரில் வந்து கேடயம் வழங்கினீர்கள். ஆறே மாதத்தில் இவ்வளவு முன்னேற்றம் கண்ட பள்ளி வேறில்லை என்று மேடையில் பாராட்டினீர்கள். அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது: தேவை குறைந்துவிட்டதால், வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த மனநல ஆலோசகர் இனிப் பருவத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஐயா, அந்த அம்மையார் உட்காருவது என் நூலகத்தின் மூலையில்தான். புதன்கிழமைகளில் அவரைப் பார்க்கப் பிள்ளைகள் அலமாரிகளுக்கு நடுவே வரிசையாகக் காத்திருப்பார்கள். காத்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாதென்று ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார்கள், சில சமயம் தலைகீழாக. இப்போதும் புதன்கிழமைகளில் சிலர் வந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வாய் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டதைத்தான் தங்கள் அலுவலகம் மகிழ்ச்சி என்று கணக்கெடுத்திருக்கிறது.

13. சென்ற வாரம் முதல் கருத்தாய்வின் அசல் படிவங்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு துணைத் தலைமையாசிரியர் வாய்மொழியாக உத்தரவிட்டார். அவை இப்போது என்னிடம் இல்லை. ஒவ்வொரு வகுப்பின் நூலக நேரத்திலும் அந்த வகுப்பின் கட்டை மேசையில் பிரித்துப் போட்டு, அவரவர் கையெழுத்தைப் பார்த்து அவரவர் தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டேன். சிலர் கிழித்துப் போட்டார்கள், சிலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். இது அரசு ஆவணத்தை அழித்த குற்றம் என்றால் அதற்குரிய நடவடிக்கையை ஏற்கிறேன். அந்தத் தாள்கள் அவர்களுடையவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

14. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு வந்தபோது, கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். “யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். ஆனா நானே எடுத்துக் குடுத்துட்டேன். தப்பு என் மேலதான்” என்றேன். துணைத் தலைமையாசிரியர் பிறகு திருப்பித் தந்திருந்த அந்தக் கட்டில் முப்பத்து மூன்று தாள்கள்தான் இருந்தன. அந்த மாணவி தன்னுடையது அதில் இல்லை என்று தெரிந்தே, மேசைப் பக்கம் வராமல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எடுத்து முடித்தபின் முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “மிஸ், அடுத்த தடவை ஃபார்ம் வந்தா என்ன மிஸ் எழுதணும்?” அவன் கேட்டதையே தங்களிடம் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

15. ஆகவே தாங்கள் தயவுசெய்து,
அ) கேடயத்தையும் இரண்டாம் கருத்தாய்வின் முடிவையும் திரும்பப் பெற வேண்டும்;
ஆ) மனநல ஆலோசகர் மறுபடியும் வாரந்தோறும் வர ஆணையிட வேண்டும்;
இ) ஏழு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட வேண்டும், எந்த மாதிரி அங்கீகரிக்கப்பட்டதோ அந்த மாதிரியே;
ஈ) பிள்ளைகள் எழுதியதை வைத்து எழுதியவரைத் தேடக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்;
உ) அந்த மாணவியின் கோப்பில் உள்ள மன்னிப்புக் கடிதத்தை நீக்கி, துணைத் தலைமையாசிரியரிடம் உள்ள அவளுடைய படிவத்தை அவளிடமே ஒப்படைக்க வேண்டும்.

16. கடைசியாகக் கேட்டிருப்பதற்கு மட்டும் கெடு இருக்கிறது. அவளுடைய அம்மா மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவள் பள்ளியை விட்டுப் போகிறாள், கோப்பும் அவளோடு போகும். புதிய பள்ளியில் அதை முதலில் திறக்கிறவர் படிக்கப் போவது, பொய் எழுதிய பிள்ளை என்று அவள் கையாலேயே எழுதி வாங்கிய அந்த வரியைத்தான். மற்ற நான்கையும் தாங்கள் எவ்வளவு காலம் பரிசீலித்தாலும் நான் விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருப்பேன், அது எனக்குப் பழகிவிட்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் பதினேழு நாட்களே உள்ளன. அவள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

நடவடிக்கையை எதிர்நோக்கி,

இடம்: பள்ளி நூலகம்
தேதி: மார்ச் 11

(ஒப்பம்)
நூலகர்

நகல்: தலைமையாசிரியர் அவர்களின் பார்வைக்கு. இம்மனுவை அனுப்புமுன் அவரிடம் காட்டினேன். படித்து முடித்துத் தாள்களை அடுக்கி என்னிடமே நீட்டினார். பிறகு, “அனுப்புங்க” என்றார்.